சகலையின் பூசணி

“இல்லைங்க, எனக்குச் சர்க்கரை வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். போன வருஷம் நான் அடைச்ச கடைவாய்ப் பல் இப்போ எப்படி இருக்கு?”

நீங்கள் பேனாவைத் திறக்கிறீர்கள். சரிதான். தோட்டக் கண்காட்சியின் செயலாளர் நீங்கள்; இன்று கேட்பவர் நீங்கள், சொல்பவன் நான். மேசையில் நமக்கு நடுவே என் சகலையின் மஞ்சள் பூசணி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்வது எனக்கும் வசதி.

என் வீட்டு முன்னறையில் பல் மருத்துவம். கொல்லைப்புறத்தில் நான்கு கோழிகள். தோட்டம் போட்டதே அவற்றுக்காகத்தான். கீரை, தக்காளி, வெள்ளரி, ஒரு கொய்யா. பறித்ததும் முதலில் கோழிகளுக்கு வைப்பேன். அவை ஒதுக்கியதைக் கழுவி, கொத்திய இடத்தைச் சீவிவிட்டுச் சமையலறைக்கு அனுப்புவேன். இதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. நாம் நினைத்தால் கடைக்குப் போகலாம், கோழி போக முடியாது. என் மனைவிதான் ஒருநாள், “இந்த வீட்டுல ரெண்டு கால்ல நடக்கிற நாங்களும் இருக்கோம்” என்றாள். கோழிக்கும் இரண்டு கால்தான் என்று நான் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெயில் ஏறியதும் தோட்டம் காய்ந்துபோயிற்று. கோழிகளில் மூத்தவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவோம். அவள் காலித் தட்டை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வேலியோரம் போய் நின்றுகொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் தங்கை வீடு. தங்கையின் கணவர், அதாவது என் சகலை, தையல்காரர். பிறந்ததிலிருந்து எதிலும் ஒரு பரிசு வாங்கியதில்லை. இந்த வருஷம் பூசணியில் வாங்கியே தீருவது என்றிருந்தார். தினமும் காலையில் டேப்போடு வந்து, வேலியோரம் காய்த்திருந்த அதற்கு இடுப்பளவு எடுப்பார். மேடையில் அது உட்கார வெல்வெட்டில் ஒரு மெத்தைகூடத் தைத்து வைத்திருந்தார்.

நான் ஒரே ஒரு துண்டுதான் எடுக்க நினைத்தேன்.

பத்து மணிக்குச் சகலை கடைக்குப் போவார். பத்தரைக்குத்தான் என் முதல் நோயாளி. வேலியைப் பார்த்த பக்கத்தில், தரையை ஒட்டி, இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் துளை போட்டேன். வெட்டிய வட்டத்தையே மூடியாக வைத்து, ஓரத்தைப் பல் அடைக்கும் பசையால் பூசினேன். நிறம் ஒத்துப்போகக் கொஞ்சம் மஞ்சள் பொடி. மறுநாளும் பெரியம்மா அதே இடத்தில் நின்றாள். பத்தொன்பது நாள் நின்றாள். நீளக் கரண்டியால் சுரண்டிக் கோழிகளுக்கு வைத்தேன். சுவர் இடியாதபடி ஒரு விரல் கனம் விட்டேன். அழுகாமலிருக்கத் துளையைத் தினமும் மருந்து போட்டுத் துடைத்தேன். சொந்தக்காரர் பூசணியாயிற்றே, அக்கறையில்லாமல் இருக்க முடியுமா?

ஒருநாள் சகலை என்னை வேலியோரம் கூப்பிட்டார். “தட்டினா காலி டப்பா மாதிரி கேக்குதே, ஏன் சகலை?” முற்றினால் அப்படித்தான் கேட்கும் என்று தைரியம் சொன்னேன். கையோடு ஆறு முட்டையும் கொடுத்தேன். இப்படி ஒரு மஞ்சள் கருவைப் பார்த்ததே இல்லை என்று மறுநாள் ஆள் பூரித்துப்போனார். அதன்பிறகு முட்டை கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. யோசித்துப் பார்த்தால், அவருடைய பூசணியில் ஒரு பங்கு அவர் வயிற்றுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை நீங்கள் இன்னும் எழுதவில்லை.

நேற்று நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் வண்டியோடு கூட்டிவந்த நான்கு பேரும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தூக்காகத் தூக்கினார்கள். பூசணி அவர்கள் தலைக்கு மேல் போயிற்று. நால்வரும் மல்லாந்தார்கள். பூசணி பந்து மாதிரி உருண்டு வந்து உங்கள் காலடியில் நின்றது. மூடி தனியாகக் கழன்று விழுந்தது.

சகலை அதை எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். மெத்தை அவர் கக்கத்தில் இருந்தது. “எலி இவ்வளவு சுத்தமா மூடி போடுமா, சகலை?” என்னிடம்தான் கேட்டார். என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சில எலிகள் போடும் என்றேன்.

விஷயம் எலியோடு முடிந்திருக்கும். உள்ளே ஓர் இறகு கிடைத்துவிட்டது. என் சட்டைக் கையில் ஒட்டியிருந்ததுதான் விழுந்திருக்க வேண்டும். கோழிகள் செய்த சேதம் என்று நீங்கள் அறிக்கையில் எழுதினால், இன்று சாயங்காலமே நான்கையும் கறிக்கடைக்கு அனுப்பிவிடுவதென்று அக்காளும் தங்கையும் முடிவு செய்திருக்கிறார்கள். என் மனைவி கூடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். அதனால்தான் ஓடி வந்தேன்.

அவை ஒன்றும் அறியாதவை. துளை போட்டது நான், சுரண்டியது நான், மூடி வைத்ததும் நான். சகலையிடம் நானே போய்ச் சொல்கிறேன். இனி அவர் பொருளை விரலால்கூடத் தொடமாட்டேன். நான் முழுக்கத் திருந்திவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று.

“ஒரே ஒரு வேண்டுகோள். காம்புப் பக்கம் என் கரண்டி எட்டவே இல்லை. அங்கே இன்னும் நல்ல கனமா சதை இருக்கும். சாட்சிக்குத் துளை இருக்கிற பாதி போதும்னா, அந்த மேல்பாதியை நான் எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?”