மொறுமொறு குளவிப்புழு

ஒருநாள் காய்ந்த எண்ணெயை மறுநாள் சட்டியில் ஊற்றுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என்னைப் பற்றி ஊரில் என்னென்னவோ சொல்வார்கள். ஆனால் என் கடையில் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

பெயர் முத்துலிங்கம். தோட்டத்தில் குளவிக்கூடு எடுக்கிற வேலை. தேயிலை மலையில் எந்த மரத்தில் கூடு தென்பட்டாலும் கொழுந்தெடுக்கும் பெண்கள் என்னிடம்தான் வந்து சொல்வார்கள். நான் போய் அந்த மரத்தில் சிவப்புத் துணி கட்டுவேன். துணி தொங்கும்வரை அந்தப் பக்கம் யாரும் கூடையோடு போகமாட்டார்கள். பிறகு புகை போட்டு, கூட்டை இறக்கி எரித்துவிட்டுத் துணியை அவிழ்ப்பேன். துணி இல்லாவிட்டால் பயமில்லை என்று அர்த்தம். பதினொரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கொழும்பே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடும். குளிரைப் பார்க்க வந்தவர்கள் குளிர் தாங்காமல் எண்ணெய்ச் சட்டிகளைச் சுற்றி நிற்பார்கள். போன வருடம் களியாட்டத் திடலில் நானும் என் மனைவி நிஷாந்தியும் உளுந்துவடைக் கடை போட்டோம். இந்தப் பக்கத்துக் கடையில் ஐஸ்கிரீமை மாவில் தோய்த்துப் பொரித்தார்கள். அந்தப் பக்கத்துக் கடையில் சொக்லேட்டைப் பொரித்தார்கள். எதிரே ஒருவன் சோடாவில் மாவைப் பிசைந்து, பொரித்த சோடா என்று விற்றான். ஜனம் அங்கேயெல்லாம் முண்டியடித்தது. எங்கள் வடையை ஒரு நாய் மட்டும் அக்கறையாகப் பார்த்தது.

"ஒங்க மூஞ்சிய பாத்துட்டுத்தான் ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க" என்றாள் நிஷாந்தி. எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

அப்போதுதான் வெள்ளைக்காரர்களை வான் வண்டியில் ஏற்றிவரும் நிரோஷன் சொன்னான்: "அண்ணே, வெளிநாட்டுல குளவிப் புழுவ பொரிச்சு ஆசையா திங்கிறாங்க. கையில அத வச்சுக்கிட்டு நீங்க வடை சுடுறீங்களே!"

அவ்வளவு காலமும் அதை எரித்துக்கொண்டிருந்தேனே என்று வயிறு எரிந்தது. அடுத்த நாளே ஒரு கூட்டைப் பிரித்தேன். சோளமாவு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை. உள்ளே பால்போல, வெளியே மொறுமொறுவென்று இருந்தது. பிறகென்ன, தின்பதற்கு ஒருவர், அதைப் படம் பிடிக்க நால்வர் என்று வரிசை நின்றது. ஒரு கொழும்பு அம்மா, இது மருந்தடிக்காத இடத்துக் குளவிதானா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போட்டார். உடம்பைப் பற்றி அவ்வளவு கவனம்.

சிக்கல் ஒன்றுதான். சின்னக் கூட்டில் ஒரு கைப்பிடிப் புழுகூடத் தேறாது. கூடு முற்ற வேண்டும். துணியைக் கட்டிவைத்துக் காத்திருக்கலாம் என்றால், மலையைப் பார்க்கும் கண்டாக்கு ஐயா விடமாட்டார். துணி கட்டிய இடத்தில் கொழுந்து முற்றி வீணாகிறது என்று தினமும் நச்சரிப்பார். ஆகவே இந்த வருடம் மாசியில் ஆறு கூடுகளை அப்படியே விட்டுவிட்டுத் துணிகளை மட்டும் அவிழ்த்தேன்.

பொறுப்பில்லாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். தினமும் ஆறையும் போய்ப் பார்த்தேன். குளவி சும்மா கொட்டாது. பெண்கள் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே பறிப்பார்கள். குளவிக்குச் சத்தம் ஆகாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

சண்முகவடிவு எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து வீடு. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவள்தான் கேட்டாள்.

"அண்ணே, மூணாம் நம்பர் மலையில அந்தச் சவுக்கு மரத்துல இருந்தத எடுத்துட்டீங்களா? துணியக் காணோம்."

"எடுத்தாச்சு வடிவு. தைரியமா போ."

"அண்ணன் எடுத்துட்டாராம், வாங்கடி" என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள். அவளுக்கு என்மேல் அத்தனை நம்பிக்கை. இன்றைக்கும் அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

ஏழு பேரைக் குளவி கொட்டியது. கூடப் பறித்துக்கொண்டிருந்த அழகம்மாவைத் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கால் மூடிவிட்டு, சண்முகவடிவு வெளியே நின்றுவிட்டாள். அவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கியபோது முன்முனையைப் பிடித்தவன் நான். றோட்டுக்கு வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தொண்டை வீங்கிப் பேச முடியாமல் இருந்தது உண்மைதான். இருந்தாலும் அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

புதுக்குளவி வந்து கூடு கட்டியிருக்கும் என்று எல்லோரும் பேசினார்கள். நானும் ஆமென்றேன். சாவு வீட்டில் தண்ணீர் சுமந்தது, பந்தல் போட்டது எல்லாம் நான்தான். அவள் புருஷன் ஜெயகாந்தன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு பெரிய கூடு, சீசனுக்கு மூன்றே வாரம் இருக்கும்போது சிதறிப்போயிற்று.

பிறகு மீதியில் நான்கு கூடுகளை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைப் பார்த்துத்தான் நிஷாந்திக்கு விஷயம் விளங்கியிருக்கிறது. புழுவை அப்படியே அடுப்பில் கொட்டிவிட்டு நேரே பொலிஸ் ஸ்டேஷனில் உங்களிடம் வந்துவிட்டாள். சீசன் முடியும்வரையாவது பொறுத்திருக்கலாம். புருஷனுடைய கஷ்டம் தெரியாதவள்.

ஆமாம் ஐயா, எடுக்காததை எடுத்ததாகச் சொல்லி அவளை அனுப்பியது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆறாவது கூடா? அது பத்திரமாக இருக்கிறது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவம் இருக்கிறதே, அதன் கூரைக்கு மேலே சாய்ந்த வாகை மரத்தில். இன்னும் பத்து நாளில் புழு நன்றாகத் திரண்டுவிடும். அதுவரை அந்தப் பிள்ளைகளைக் கொஞ்சம் அழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா. கூடு கலைந்துவிடும்.