கோவர்த்தன் மச்சானுக்கு ரிங் பிரேம் பிரிவு சொல்லும் பதில்

கஞ்சம் கடற்கரையில் பிறந்து கரிசல் காட்டில் கால் ஊன்றியவரே! சுழலும் கதிர்களின் சுகக்கேட்டைத் தொட்டே சொல்லும் தொழில் வல்லவரே! முப்பத்தொரு ஆண்டுகளில் முகம் சுளித்து ஒருநாளும் நாங்கள் காணாத முதல்வரே! ஒடிசா ஈன்றெடுக்க அருப்புக்கோட்டை உரிமை கொண்டாடும் உத்தமரே! சாவித்ரியின் துணைவரே, சுவாதியின் தந்தையே, நூல் நூற்கும் எங்கள் ரிங் பிரேம் பிரிவின் தலைமை பிட்டர் திருமிகு கோவர்த்தன் பெஹரா அவர்களே, வணக்கம்.

மேஸ்திரி இருளாண்டியாகிய நான் இதை முதலில் 'நீவிர்' என்றுதான் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது எங்கள் பிரிவின் சந்தனம்மாள், "யாருக்கு எழுதுறீக, ராசாவுக்கா? நீங்கன்னே போடுங்க, அப்பத்தான் அவுகளுக்கு வெளங்கும்" என்றார். போட்டுவிட்டேன்.

பொதுவாகப் பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் மடல் புகழோடு தொடங்கிப் புகழோடு முடியும். இதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பத்து நாட்களுக்கு முன் நீங்கள் எங்கள் வாசல்தோறும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தீர்கள். சுவாதியை ஒடிசாவில் பிரம்மபூர்ப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கேட்கிறார்கள், தாய்மாமன் வீட்டார் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். கூடிப் பேசிச் சொல்கிறோம் என்றோம். அந்தப் பதிலை இந்த மேடையிலேயே சொல்லப்போகிறோம். அதுவரை பொறுமையாகப் பாராட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1994ஆம் ஆண்டு, குண்டூரிலிருந்து பஞ்சு ஏற்றிவந்த லாரியில் லோடுமேனாக வந்தீர்கள். பந்தல்குடியில் அச்சு முறிந்தது. நான்கு நாட்கள் லாரியின் நிழலில் படுத்துக் கிடந்தவர், ஐந்தாம் நாள் நடந்தே நம் மில்லுக்குள் வந்து கையசைத்து வேலை கேட்டீர்கள். தமிழில் ஒரு சொல் தெரியாது. நாங்கள் ஒருவரையொருவர் 'ஏலே' என்று அழைப்பதைக் கேட்டு, அதுதான் மரியாதைச் சொல் என்று முடிவுகட்டி, ஒரு வாரத்தில் அன்றைய மேலாளரைக் கைகூப்பி "ஏலே" என்றழைத்தீர்கள். இயந்திரம் நின்றால்கூட மில்லில் அப்படியோர் அமைதி இருந்ததில்லை. அவர் சிரித்துவிட்டதால் இன்று இந்த விழா நடக்கிறது.

கூடை தூக்கிய கை, குறடு பிடித்த கையானது. எந்தக் கதிரில் எண்ணெய் வற்றியது, எந்தப் பேரிங் இன்னும் இரண்டு நாளில் தகராறு செய்யும் என்று உள்ளங்கையை வைத்தே சொன்னீர்கள். வெளியூரிலிருந்து வந்த பொறியாளர் கருவி வைத்து அரைநாள் பார்த்துவிட்டு, நீங்கள் காலையில் சொன்னதையே மாலையில் சொன்னார். அன்றும் நீங்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்களே தவிர, ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. அந்தப் பெருமையை நாங்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

உழைப்பில் உயர்ந்தவர் உலகில் பலர் உண்டு. உழைத்த களைப்பை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறவர் சிலரே. சாவித்ரி அக்கா டைபாய்டு காய்ச்சலில் இரண்டு மாதம் படுத்திருந்தபோது, பள்ளிக்குப் போகும் மகளுக்கு இரட்டைச் சடை போட ஆளில்லை. நீங்கள் எங்கள் பிரிவின் பிச்சையம்மாளிடம் பாடம் கேட்டு, கழிவு நூலை இயந்திரத்தின் ஓரத்தில் கட்டிப் பின்னிப் பின்னிப் பழகினீர்கள். வரிசையாகத் தொங்கிய சடைகளைக் கண்ட சூப்பர்வைசர் மிரண்டுபோய் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். அதற்கு நீங்கள் எழுதிய பதில், "மகளுக்கு எட்டரை மணிக்கு ஸ்கூல்." அவ்வளவுதான். மெமோவை அவரே கிழித்துப் போட்டார்.

இனி, நீங்கள் எங்களுக்கு மச்சானான சீர்க் கதைக்கு வருகிறேன். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

2013இல் சுவாதிக்குச் சடங்கு. சாவித்ரி அக்காவுக்கு உடன்பிறந்த ஆண் யாரும் கிடையாது. தாய்மாமன் சீர் இல்லாத சடங்கை எங்கள் ஊர் பார்த்ததில்லை, பார்க்கவும் விடாது. ரிங் பிரேம் பிரிவின் நாற்பத்து மூன்று வீடும் தாய்மாமன் வீடாகி, மேளத்தோடு நாற்பத்து மூன்று தட்டு கொண்டுவந்தோம். சேலையும் வளையலும் பழமும் பலகாரமுமாக உங்கள் குவார்ட்டர்ஸில் கால் வைக்க இடமில்லை. மறுநாள் காலையில் நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தட்டுகளைக் கழுவித் துடைத்து, வைத்த பொருளை வைத்தபடியே அடுக்கி, நாற்பத்து மூன்று வீட்டுக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

சீரைத் திருப்பினால் உறவை முறித்ததாக அர்த்தம். "நம்ம சாமானு வேணாம்னுட்டாரே, நம்மளே வேணாம்னுட்டாரே" என்று சந்தனம்மாள் அழுதார். மூன்று நாட்கள் உங்களோடு யாரும் பேசவில்லை. நான்காம் நாள் நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். நீங்கள் திகைத்துப் போனீர்கள். "சபைக்கு அழகா இருக்கட்டும்னு எல்லாரும் வீட்டுச் சாமானைக் குடுத்து ஒதவுனீகன்னு நெனச்சேன் அண்ணே. இரவல் வாங்குனதைச் சுத்தமாத் திருப்பணும்னு எங்கப்பா சொல்லிருக்காரு."

அன்று மாலையே சைக்கிள் மறுபடியும் கிளம்பியது. வீடு வீடாகச் சீரைக் கேட்டு வாங்கிய தகப்பன் இந்தத் தாலுகாவில் நீங்கள் ஒருவர்தான். சேலை, வளையல் எல்லாம் கிடைத்தன. பழத்தை மட்டும் தாய்மாமன்கள் தின்று தீர்த்திருந்தோம்.

அன்றிலிருந்து நீங்கள் எங்களுக்கு மச்சான். அந்த முறையை நாங்கள்கூட விளையாட்டாகச் சில நேரம் மறந்திருப்போம், நீங்கள் மறக்கவில்லை. இந்த முறை வெற்றிலைத் தட்டோடு வந்தபோது, வேலையை விட்டுப் போனவர்கள் வீட்டுக்கும் போனீர்கள். ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோன பால்ச்சாமியின் வீட்டுக்கும் போய், அவர் படத்துக்கு முன் தட்டை வைத்து, சம்மதமா என்று கேட்டீர்கள். "அவுக இருந்தா மொத ஆளா சரின்னுருப்பாக" என்று அவர் மனைவி கருத்தம்மாள் சொன்னபோது, தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்களாம்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுவாதி உங்களுக்கு ஒரே பிள்ளை. அவளை அங்கே கொடுத்தால், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நீங்களும் அக்காவும் அங்கேயே போய்விடுவீர்கள். வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் போகமாட்டீர்கள். சைக்கிள் ஸ்டாண்டில் கூடியபோது எலக்ட்ரீசியன் மதன்குமார் இதைப் போட்டு உடைத்தான். "மாமன் சொல்லைத் தட்ட மாட்டாரு. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மச்சான் இங்கனயே இருப்பாருல்ல?" நல்ல யோசனை என்று பாதிப் பேர் கையைத் தூக்கினோம். நானும் தூக்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தூக்கினேன்.

பிச்சையம்மாள்தான் கேட்டார். "கட்டிக்கப் போற புள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?" கேட்கவில்லை. போய்க் கேட்டோம். சுவாதி எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னாள். "எனக்குப் பிடிச்சிருக்கு மாமா. நீங்க வேணாம்னு சொன்னா, அப்பா எங்கிட்டக்கூடக் காரணம் கேக்காம வேணாம்னுருவாரு. பத்து நாளா அதுதான் பயமா இருக்கு." தூக்கிய கைகளை எங்கே வைப்பது என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே, கடமையில் கண்ணானவரே, கனிவில் கடலானவரே, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உங்கள் வாசலை மிதிக்காதிருக்கட்டும். முழங்கால் வலியில்லாமல் மடங்க, வேளைக்குப் பசி எடுக்க, படுத்ததும் தூக்கம் வர, அக்காவோடு நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். தை மாதக் கல்யாணத்துக்கு நாற்பத்து மூன்று வீட்டிலிருந்தும் ஆள் வருகிறோம். விடுப்பு விண்ணப்பங்களை மொத்தமாக எழுதிவிட்டோம். மேலாளர் அவர்கள் முன்வரிசையிலேயே இருப்பதால் கையெழுத்துக்கும் கவலையில்லை.

உங்களை அனுப்ப எங்களில் ஒருவருக்கும் மனசில்லை, மச்சான். ஆனாலும் பெண்ணைக் கொடுங்கள். எங்களுக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
சுவாதியின் தாய்மாமன்மாரும் சின்னம்மாமாரும்,
ரிங் பிரேம் பிரிவு.

எழுதி வாசித்தவர்: இருளாண்டி, மேஸ்திரி
அருப்புக்கோட்டை, 30.9.2025