டிசம்பர் கத்தியும் நோன்புக் கொய்யாவும்

பேரன்புக்குரிய கொய்யாத் தோட்டக்காரர் சங்கத் தலைவர் சரீப் ஹாஜியார் அவர்களே! மேடையில் வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று மணிக்கூட்டைப் பார்க்கும் பெரியோர்களே! சமைத்துவைத்துவிட்டு, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கண்டக்குழியிலிருந்து வந்த கொய்யாத் தோட்டக்காரர்களே! மூன்றாம் வரிசையில் ஒளிந்திருக்கும் என் கணவர் நளீர் அவர்களே! அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்!

நான் சுல்பா. நாளைக் காலை எங்கள் தோட்டத்துக்குப் பெக்கோ இயந்திரம் வருகிறது. கிணறு தோண்டவா? குளம் வெட்டவா? இல்லை! கொய்யா மரங்களை வேரோடு பிடுங்க! இலாபம் தராத மரங்களாம், என் கணவர் தென்னை நடப்போகிறாராம். என் கையால் நட்ட மரங்கள், சபையோரே!

குற்றம் மரத்திலா? மண்ணிலா? மழையிலா? கேளுங்கள் கதையை!

முன்னொரு டிசம்பர் லீவில், நம் தலைவர் சொல்லி, ஊரே கொப்பு வெட்டியது. வெட்டினால்தானே தளிர்? தளிரில்தானே பூ? பூவில்தானே பிஞ்சு? மே மாதம் மரம் குலுங்கியது. அந்த மேயில் நோன்பு! நோன்பு திறக்கும் நேரம் கொய்யாச் சாறு இல்லாத வீடு உண்டா? லொறி வாசலில் வந்து நின்றது. தலைவருக்கு மாலை போட்டோம். அன்றோடு யோசிப்பதை விட்டுவிட்டோம்!

அதன்பின் வருசா வருசம் டிசம்பர், டிசம்பர், டிசம்பர்! நோன்புக்கும் பெருநாளுக்கும் கடற்கரையில் நின்று பிறை பார்க்கிறோம். நோன்பு ஒவ்வொரு வருசமும் பத்து நாளுக்குமேல் முன்னே வருவது தெரியாதா? தெரியும்! விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பத் தெரியும், வட்டிலப்பம் அவிக்கத் தெரியும். கொய்யா மரத்தடிக்குப் போனால் மட்டும் டிசம்பர்! இப்போது நோன்பு மார்ச்சிலேயே முடிகிறது. நம் கொய்யாவோ பெருநாள் சாப்பாடு செரித்தபின், மே மாதம் ஸலாம் சொல்லிக்கொண்டு வருகிறது. யார் வாங்குவார்?

செலவைப் பார்ப்போமா? ஒரே வாரத்தில் ஊரே கூப்பிட்டால், வண்ணாத்திவில்லிலிருந்து வரும் வெட்டுக்காரருக்கு மாப்பிள்ளை மரியாதை! கூலி இரட்டிப்பு, வேலை அவசரம். பாதிக் கொப்பு அப்படியே நிற்கும், உள்ளே வெயில் போகாது, பழம் பாக்களவு!

என்ன தம்பி, ஆதாரமா? ஓம், இருக்கு! போன செப்டம்பரில் என் கணவர் மன்னாருக்குக் கலியாண வீட்டுக்குப் போனார். நோன்பிலிருந்து ஐந்து மாதம் பின்னோக்கி எண்ணி, கிணற்றடி மரங்களில் நான் கொப்பு வெட்டினேன். நோன்பிலே பழுத்தது, நோன்பிலே விற்றது! அவர் என்ன சொன்னார் தெரியுமா? “அது கிணத்தடி ஈரம், புள்ள. ஒன்ட கத்தி இல்ல.”

சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்!

தலைவர் அவர்களே, கொப்பு வெட்டும் தேதியை நகர்த்துங்கள்! ஒரு பகுதியை நோன்புக்கு வெட்டுவோம், ஒரு பகுதியை ஆகஸ்டில் வரும் தலவில் தேவாலயத் திருவிழாவுக்கு வெட்டுவோம். முறைவைத்து வெட்டினால் கூலியும் குறையும், பழமும் பெரிதாகும். சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள்! ஹாஜியார், உங்கள் கையுமா? அல்ஹம்துலில்லாஹ்!

நளீர் மச்சான், ஃபோனோடு எங்கே எழும்புகிறீர்கள்? பெக்கோக்காரருக்கா? வெளியே வேண்டாம். மேடைக்கு வாங்க, மைக்கில் பேசுங்க, ஊரே கேட்கட்டும்!

“ஹலோ... நாளைக்கு வராதீங்க.”

ஏனாம் என்று கேட்கிறாரா? சொல்லுங்க மச்சான்.

“பொஞ்சாதி மரத்தத் தரமாட்டாவாம்.”

இதற்குமேல் நான் என்ன பேச? என் மரங்கள் பிழைத்தன. பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட மேடைக்கும் நன்றி! நல்லபடி வீடு சேருங்கள், வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்!