ஏணியை எடுத்துப் போட்டது பற்றி அம்சவள்ளி சொன்னது

விழுப்புரம் நீதிமன்றத்தில், நடுவர் அம்மா முன்பாக, சாட்சி வாயால் சொல்லச் சொல்ல எழுதியது.

பெயர் அம்சவள்ளி. வயது நாற்பத்தெட்டு இருக்கும். கணவர் பெயர் கண்ணையன், உயிருடன் இல்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு. தொழில் களையெடுப்பு, மல்லாட்டை (நிலக்கடலை) பறிப்பு, கிடைத்த கூலி வேலை. குடியிருப்பது திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற வழியில் மாரியம்மன் நகர், இரண்டாவது தெரு, சொந்த வீடு.

யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ அழைத்து வந்தார்களா என்று நடுவர் அம்மா கேட்டார்கள். இல்லை என்றேன். பேசுவதும் பேசாமல் போவதும் உங்கள் இஷ்டம் என்றார்கள். பேசத்தான் வந்தேன் என்று சொன்னேன்.

எங்கள் வீட்டுக் கக்கூஸ் டேங்கில் இறங்கி என் வீட்டுக்காரர் இறந்துபோனார். அவரை இறக்கிவிட்டதும், காப்பாற்றப் போனவரை அடித்துத் தடுத்ததும் லாரி ஓட்டுகிற அலெக்ஸ்தான் என்று என் கொழுந்தனார் தாண்டவராயன் புகார் கொடுத்திருக்கிறார். அலெக்ஸ் இப்போது ஜெயிலில் இருக்கிறார். நடந்தது அப்படி அல்ல. முதலிலிருந்து கடைசிவரை கூட நின்றவள் நான் ஒருத்திதான், அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்குக் கிணறு வெட்டுவதும் தூர் வாருவதும் தொழில். ஓமந்தூர் வரைக்கும் அவரைக் கூப்பிட்டுப் போவார்கள். எங்கள் வீடு கட்டும்போது டேங்குக்குக் குழி வெட்டியதும் அவர்தான். நாலு பக்கமும் மேஸ்திரி செங்கல் சுவர் எழுப்பினார். அடியில் சிமெண்டு போடவில்லை, மண்ணாகவே விட்டுவிட்டார்கள். அப்படி விட்டால் தண்ணீர் இறங்கிவிடும், டேங்க் ரொம்பாது என்று எங்கள் நகரில் எல்லோருமே அப்படித்தான் கட்டினார்கள்.

இந்த வருஷம் கோடையில் எங்கள் தெரு போர்வெல் தண்ணீரில் வாடை வந்தது. பிள்ளைகளுக்குப் பேதி ஆனது. அதன் பிறகு சுகாதாரப் பிரிவிலிருந்து ஒரு மேடமும் இரண்டு ஆட்களும் வந்து வீடு வீடாக டேங்கைத் திறந்து பார்த்தார்கள். எங்கள் டேங்கில் தண்ணீர் விட்டு நிரப்பி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, நாளைக்கு வருகிறவரை யாரும் கக்கூஸ் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் வந்து திறந்தபோது தண்ணீர் கோட்டுக்கு ஒரு முழம் கீழே இருந்தது. இந்த டேங்க் தேறவில்லை என்றார்கள். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வூடு கட்டனதிலேர்ந்து ஒரு லாரி கூட கூப்டது இல்ல மேடம். எங்கூட்டு டேங்க் ரொம்பவே ரொம்பாது" என்று பெருமையாகச் சொன்னார்.

"ரொம்பாம அது எங்கங்க போச்சு? அதைத்தான தெருவே குடிச்சிக்கினு இருக்கீங்க" என்று அந்த மேடம் கேட்டது. கூட வந்த ஆட்கள் சிரித்தார்கள்.

அந்த மேடம் என்னிடமும் அவரிடமும் நின்று பொறுமையாகத்தான் சொன்னது. போர் தண்ணீரைக் குடிக்கவோ பாத்திரம் கழுவவோ கூடாது, வேலை முடிகிறவரை கக்கூஸைப் பூட்டி வைத்துவிட்டுத் தெருக்கோடியில் இருக்கிற பொதுக் கக்கூஸுக்குப் போக வேண்டும், லைசென்ஸ் உள்ள லாரியைக் கூப்பிட்டு மிஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும், காலி ஆன பிறகு இன்ஜினியர் ஒருத்தரை வரவழைத்துக் காட்டி, அவர் சொல்கிற இடத்தில் போருக்குத் தள்ளி, தரை போட்டு, நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, காற்றுக் குழாய் விட்டுக் கட்ட வேண்டும் என்றது. எது செய்தாலும் ஆள் மட்டும் உள்ளே இறங்கக் கூடாது என்றது. இதைப் போகும்போது ஒரு தரம், கேட்டுக்கு வெளியே நின்று ஒரு தரம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் மகள் வெண்ணிலாவை விழுப்புரத்தில் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வர நாள் பார்த்திருந்தோம். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பொதுக் கக்கூஸுக்கு அனுப்புவதா என்று என் வீட்டுக்காரர் அவசரப்பட்டார். புது இடத்தில் கட்டினால் நாளாகும், இருக்கிற குழிக்கே தரை போட்டுவிடலாம் என்று அவராகவே மேஸ்திரியிடம் பேசி முடித்தார். இன்ஜினியரைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு லாரிக்குச் சொல்லி அனுப்பினார்.

அலெக்ஸ் காலையில் லாரி கொண்டு வந்தார். அவரை எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. குழாயை விட்டு உறிஞ்சினார். தண்ணீர் எல்லாம் வந்துவிட்டது, அடியில் கசடு களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது, அது வரவில்லை. லாரியும் நிறைந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி ஊற வையுங்கள், இந்த லோடைக் கொட்டிவிட்டு வந்து மிச்சத்தை உறிஞ்சிக்கொள்கிறேன் என்று அலெக்ஸ் சொன்னார். நீ இறங்கி மண்வெட்டியால் வழித்துவிட்டால் ஜல்தியா முடியுமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எங்கப்பா எறங்குனாருங்க. அவரோட போதும். நானும் எறங்க மாட்டேன், நீங்களும் எறங்காதீங்கண்ணா. மேஸ்திரிய நாளைக்கு வரச் சொல்லுங்க."

இதை அவர் சொன்னபோது நான் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றேன். தாண்டவராயனும் எதிர் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பொழுதுக்கும் கிணத்துக்குள்ளே கிடக்கிறவன் நான், எனக்கு இந்த ஆள்மட்டக் குழி இன்னாப்பா பண்ணும் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அலெக்ஸ் சிரிக்கவில்லை. இரண்டு மூடியையும் திறந்தே போடுங்கள், பக்கத்தில் பீடி பிடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு என் வீட்டுக்காரர் உள்ளே போய் அரிக்கேன் விளக்கைக் கொண்டு வந்தார். பாழும் கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது அவர்கள் தொழிலில் வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். எரிந்தால் இறங்குவார்கள். அப்படித்தான் இத்தனை வருஷமும் உயிரோடு வீடு வந்தார். அன்றைக்கும் விளக்கைக் கொளுத்தி டேங்குக்குள் இறக்கிப் பார்த்தார். பீடியே வேண்டாம் என்றார்களே என்று நான் கேட்டேன். கண்ணாடிக்குள்ளேதானே எரிகிறது என்றார். விளக்கு அணையவில்லை, நன்றாக எரிந்தது. "பாத்தியா, கிணத்த விட சுத்தமா கீது" என்றார். கிணற்றுக்கு இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டுவார். இது ஆழமில்லை என்று கட்டவில்லை. ஏணி வைத்து இறங்கினார். பக்கெட்டைக் கயிற்றில் கட்டி நான் மேலே பிடித்துக்கொண்டேன்.

முதல் பக்கெட் வந்தது, தூக்கிக் கொட்டினேன். இரண்டாவதும் வந்தது. அதன் பிறகு பக்கெட்டை உள்ளே விட்டேன், கயிறு தொய்ந்தே இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. குனிந்து பார்த்தேன். சுவரில் சாய்ந்து, வேலை முடித்து உட்காருகிற மாதிரி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். விளக்கு அவர் பக்கத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தது.

நான் சத்தம் போட்டேன். தாண்டவராயன் ஓடி வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இரண்டு படி இறங்கிவிட்டார். அந்த நேரம் அலெக்ஸின் லாரி தெருவுக்குள் திரும்பியது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு அலெக்ஸ் ஓடி வந்து, தாண்டவராயனின் அக்குளில் கை கொடுத்து மேலே இழுத்துப் போட்டார். இரண்டு பேரும் விழுந்தார்கள். தாண்டவராயனுக்கு முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவர் மறுபடியும் ஏணியைப் பிடித்தார். அலெக்ஸ் ஏணியை உருவி வேலிக்கு அந்தப்பக்கம் எறிந்தார். பிறகு தாண்டவராயன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் போன் போட்டு ஃபயர் சர்வீஸுக்கு இடம் சொன்னார். நானும் அலெக்ஸை அடித்தேன். ஏணியைக் கொடுடா பாவி என்று துடைப்பத்தாலேயே அடித்தேன். அவர் எழுந்திருக்கவும் இல்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை. "அடிங்கக்கா, எவ்ளோ வேணா அடிங்க. இன்னோர் ஆள உட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டுதான் சொன்னார்.

அதன் பிறகு ஃபயர் சர்வீஸ்காரர்கள் வந்தார்கள். முகமூடி போட்டு, முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு ஒருத்தர் என் வீட்டுக்காரரிடம் இறங்கினார். அவரைக் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் முன்னமே போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

ஃபயர் சர்வீஸ் அதிகாரி எனக்கும் தாண்டவராயனுக்கும் சேர்த்தே விளக்கம் சொன்னார். விளக்கு எரிந்தால் மூச்சுக்குக் காற்று இருக்கிறது என்றுதான் அர்த்தம், விஷக் காற்று இல்லை என்று அர்த்தமில்லை, அந்த விளக்கால் டேங்கே வெடித்திருக்கவும் கூடும், கசடை மண்வெட்டியால் கிளறியதும் அதற்குள் அடைந்திருந்த விஷம் வெளியே வந்திருக்கிறது, இரண்டு மூச்சு இழுத்தால் போதும் என்றார். ஒருத்தரைத் தூக்க இன்னொருத்தர், அவரைத் தூக்க மூன்றாவது ஆள் என்று வரிசையாகப் போவதை நிறைய பார்த்தாயிற்று, ஏணியை எடுத்தவர் நல்ல காரியம் செய்தார் என்றார். தாண்டவராயன் அப்போது தலையில் அடித்துக்கொண்டு இருந்தார், அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

காரியம் முடிவதற்குள்ளேயே தாண்டவராயன் புகார் கொடுத்துவிட்டார். நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவர். அதன் பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, அலெக்ஸ்தான் கூலி பேசி இறக்கினான் என்று சொன்னால் சர்க்காரில் நிவாரணம் கொடுப்பார்கள், வெண்ணிலா பிரசவத்துக்கு ஆகும், நாமாக இறங்கினோம் என்றால் ஒன்றும் வராது, நீங்கள் சும்மா இருந்தாலே போதும் என்றார்.

"அவந்தானே எறங்கற ஆளு அண்ணி? அவன் எறங்கியிருந்தா எங்கண்ணன் ஏன் எறங்கறாரு?" என்றார்.

"அவன் எறங்கியிருந்தா அவன் பொண்டாட்டி இங்க வந்து உக்காந்திருப்பா. ஏணி இருந்திருந்தா உன் பொண்டாட்டியும் எம்பக்கத்துல உக்காந்திருப்பா" என்று நான் சொன்னேன்.

காபி கொடுத்தேன், குடிக்காமல் போனார். நேற்று நான் விழுப்புரம் வரக் கிளம்பியபோது அவரேதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விட்டார். எதற்குப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ராத்திரி மகள் வீட்டில் தங்கி, இன்று காலை அவளிடம் சொல்லிவிட்டு இங்கே வந்தேன். நிவாரணம் வராது என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஆகவே என் வீட்டுக்காரரை அலெக்ஸ் இறக்கவில்லை. இறங்காதே என்றுதான் சொன்னார். என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த தொழிலை நம்பி, தன் வீட்டுக் குழியில், தானாக இறங்கினார். தாண்டவராயனை அலெக்ஸ் இழுத்துப் போட்டதும் ஏணியை எடுத்து எறிந்ததும் உண்மை. அதனால்தான் தாண்டவராயன் இருக்கிறார்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் டேங்க் இன்னும் திறந்தே கிடக்கிறது, அடிக்கசடு உள்ளேயே இருக்கிறது. மேலே பலகை போட்டு முள்ளு வெட்டிப் போட்டிருக்கிறேன். போலீஸ்காரர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள், சுத்தம் செய்து மூடிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு லாரிக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் ஒருத்தனை இறக்கிவிட்டால் ஒரு பொழுதில் வழித்துக் கொடுத்துவிடுவான் என்றார். வேண்டாம், போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். எங்கள் தெருவில் இன்னும் பல வீட்டு டேங்க் தேறாமல் கிடக்கிறது. அவர்களும் என்ன செய்யலாம் என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். அந்த மேடம் சொன்னதையே நானும் சொல்கிறேன், மிஷின் வருகிறவரை பூட்டி வையுங்கள் என்கிறேன். மிஷின் கொண்டுவந்தவர் ஜெயிலில் இருக்கிறார், லாரி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது. அவரை விட்டால், தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, ஆள் இறங்காமல் எடுத்துக் கொடுப்பார். அதன் பிறகு மண் கொட்டி மூடிக்கொள்வேன். அவர் வருகிறவரை நான் வேறு யாரையும் கூப்பிடுவதாக இல்லை.

எழுதியதை நடுவர் அம்மா எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரு இடத்தில் 'சடலத்தைக் கயிறு கட்டி' என்று இருந்தது. 'அவரைக் கயிறு கட்டி' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றபடி நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, சொல்லாத எதுவும் இதில் சேரவில்லை. அத்தனையும் உண்மை என்று என் கையால் ஒப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)
க. அம்சவள்ளி