இரண்டு வாசல் குளியல்

மயிலாப்பூர் டிராமில் எனக்கு முன் பெஞ்சில் இரண்டு பெண்கள். ஒருத்தி மருத்துவ மாணவி, தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தோழியிடம் சொன்னாள்:

"ஆத்துக்குப் போய் இன்னொரு ஸ்நானம் பாக்கி இருக்குடி."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஏன்?"

"பொணத்தை அறுத்துப் படிச்சா மட்டும் போறாதுங்கறார் புதுப் புரொபசர். ஆளுக்கு ஒரு பிள்ளைத்தாச்சி. பிரசவம் ஆற வரைக்கும் அவா ஆத்துக்கே போய்ப் பாக்கணும். எனக்குக் குப்பத்துல ஒரு மீன்காரி."

"குப்பத்துக்கா? உங்கம்மா விட்டாளா?"

"அம்மா கிடக்கட்டும், மீன்காரியே உள்ளே விடலை! 'பொணத்தைத் தொட்டுட்டு வந்துகீறே, வயித்துப்புள்ளைக்கு ஆவாது, அங்கியே நில்லு'ன்னுட்டா."

தோழி சிரித்துவிட்டாள். "உங்காத்துலேயும் அதானே சட்டம்?"

"அதேதான். கொல்லைப்பக்கமா வந்து, நானே தண்ணி சேந்தி விட்டுண்டு, அப்பறம்தான் உள்ளே."

"அப்போ என்ன வித்தியாசம்?"

மாணவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நிறைவயித்தோட குனிஞ்சு அவளே தண்ணி விட்டா. தன் முந்தானையால துவட்டினா. எங்காத்துல இத்தனை நாளா ஒருத்தரும் கிட்ட வந்ததில்லேடி."