மூன்றாம் அடுக்கு

நான் நின்றுகொண்டே பேசலாமா சார்? ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும்.

சூளகிரி பக்கத்தில் ஒரு பெயின்ட் கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். விபத்து என்றால் எல்லாரும் கேட் அருகே வந்து நிற்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி ஜெயப்ரியா மேடம் செல்போனில் பெயர் பார்த்து எண்ணுவார். ஆட்களின் விவரம் கம்ப்யூட்டரில் பட்டியலுக்குள் பட்டியலாக இருந்தது. ஷெட், அதற்குள் லைன், அதற்குள் ஆட்கள். “எனக்கு ஒரே வரிசையா வேணும், ஆனந்தராஜ்” என்றார் மேடம்.

அடுக்குகளைப் பிரித்துப் போட்டேன். காண்ட்ராக்ட் ஆட்கள் மட்டும் இன்னும் ஓர் அடுக்கு உள்ளே, ஏஜென்சி பெயருக்குக் கீழே இருந்தார்கள். என் புரோகிராம் அவ்வளவு ஆழம் போகவில்லை. பதினாறு பேரும் பிரிக்காத ஒரே மூட்டையாகத் திரையில் வந்தார்கள், பார்க்க அசிங்கமாக. எத்தனை அடுக்கு இருந்தாலும் பிரிக்கிற மாதிரி எழுத அரை மணி நேரம் போதும். மேனேஜருக்குக் காட்டப் பத்து நிமிடம்தான் இருந்தது. பெயராக இல்லாததை எல்லாம் நீக்கிவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். திரை சுத்தமானது; அந்தப் பதினாறு பேரும் பட்டியலிலேயே இல்லாமல் போனார்கள். அப்புறம் சரிசெய்யலாம் என்று விட்டதில் ஏழு மாதம் ஓடிவிட்டது.

பிப்ரவரியில் தின்னர் டேங்க் கசிந்தது. சைரன் கேட்டு ஓடி வந்தோம். மேடம் எண்ணினார். நூற்று நாற்பத்திரண்டுக்கு நூற்று நாற்பத்திரண்டு. காண்ட்ராக்ட் ஆட்கள் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றார்கள். அவர்களில் தரை துடைக்கும் பூவம்மாள் மட்டும் இல்லை. கொஞ்சம் முன்புதான் வாளியோடு மிக்ஸிங் ரூமுக்குள் போனார். “ஈரமா இருக்குதுங்க சார், பாத்து நடங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தீயணைப்பு வீரர் கேட்டார்: “உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

மேடம் என்னைப் பார்த்தார். “லிஸ்ட் சரிதானே?”

“சரிதான் மேடம்.”

பூவம்மாளோடு வேலை செய்யும் நஞ்சம்மா என்னிடம் வந்தார். “பூவம்மாவக் காணோங்க சார்.”

“பின்னாடி கேட்ல நிக்கிறாங்க, நான் பாத்தேன்” என்றேன். அவர் நிம்மதியாகப் போய்விட்டார். நான் கேட்டுக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஐம்பது நிமிடம் கழித்துத்தான் தீயணைப்பு வீரர்கள் உள்ளே போனார்கள். மிக்ஸிங் ரூமில் பூவம்மாள் இறந்து கிடந்தார்.

சாயங்காலத்துக்குள் புரோகிராமைச் சரிசெய்தேன். பதினாறு பெயரும் அழகாக வந்தன. காலைப் பதிவையும் திருத்தி, பூவம்மாள் பெயருக்கு நேராக ‘வெளியே வந்தார், 11.20’ என்று போட்டேன். அவரே திரும்ப உள்ளே போனதாக விசாரணையில் முடிவானது.

அவர் மகள் மாதேஸ்வரி ஆபீஸுக்கு வந்து கேட்டாள். “எங்கம்மா எதுக்குங்க சார் திரும்ப உள்ள போச்சு?”

“எதையாச்சும் மறந்து வெச்சிருப்பாங்கம்மா.”

என்ன மறந்தார் என்று அந்தப் பெண் இன்னும் அம்மாவின் பையைக் குடைந்துகொண்டிருக்கிறாளாம். அதைக் கேட்டதிலிருந்துதான் என்னால் எங்கேயும் உட்கார முடியவில்லை.

பதிவைத் திருத்தியது நான், பொய் சொன்னது நான். எழுதிக்கொள்ளுங்கள் சார். மற்றபடி பூவம்மாளை நான் ஒன்றும் செய்யவில்லை.