வாசலில் ஸ்கேன் செய்தவள்

குருணிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஃபேக்டரிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“அந்தக் கொரோனா ஆப்தான் என்னைய வீட்டுக்காரர்கிட்ட காட்டிக் கொடுத்துச்சு,” என்றாள் மூத்தவள். “விவாகரத்து கேட்டு, அவருக்குத் தெரியாம வக்கீல் ஆபீசுக்குப் போனேன். அப்ப எங்க போனாலும் அந்த ஆப்புல ஸ்கேன் பண்ணணுமே, வாசல்ல ஸ்கேன் பண்ணிட்டுத்தான் உள்ள போனேன். அன்னிக்கே என் போன தொறந்து பாத்துட்டாரு. நான் போன இடமெல்லாம் நேரத்தோட ஆப்புல வரிசையா இருந்துச்சு.”

“வாசல்ல பேரு எழுத நோட்டுப் புத்தகமும் வெச்சிருப்பாங்களே அக்கா. பொய்ப் பேரு எழுதிருக்கலாம்லா?”

“மாட்டுனா சம்மன் போட்டு அபராதம் கட்ட வெச்சிருவாங்கன்னு பயம்லா.”

“இப்பத்தான் அந்த ஆப்ப யாரும் தொடுறதில்லையே?”

“என் போன்ல அவரே வேற ஒண்ணு போட்டு வெச்சிருக்காரு.”

பஸ் நெரிசலில் நின்றது. சற்று நேரத்தில் மூத்தவளின் போன் அடித்தது.

“இல்லீங்க, எங்கயும் எறங்கல. ரோட்டுல ஜேம், அதான் பஸ் நிக்குது.”